ஓரகத்தியின் கை

என் பெரிய அண்ணிக்கு வேலை செய்யும் இடத்தில் ‘ஒரே குத்து’ என்று பெயர். ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், மருந்துக் கடைக்கும் லிஃப்டுக்கும் நடுவே இருக்கும் ரத்தம் எடுக்கும் அறையில், பதினைந்து வருடமாக அதே நாற்காலி. மற்றவர்கள் இரண்டு மூன்று இடத்தில் குத்தித் தேடும் நரம்பை அவள் விரல் நுனியால் ஒரு தடவை தடவியே கண்டுபிடித்துவிடுவாள். வயதானவர்கள், குண்டானவர்கள், ஊசியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்ளும் குழந்தைகள் எல்லோரும் அவள் வரிசையில்தான் நிற்பார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக்காரர், "எனக்கும் ரெண்டு பேர அனுப்பு தாயே, நானும் சம்பளம் வாங்குறேன்" என்பார்.

புதன்கிழமை மட்டும் அந்த அறையில் அவள் குரல் கேட்காது. அன்று கர்ப்பிணிகள் வரும் நாள். நாற்பது, ஐம்பது கைகள். அண்ணி எந்தக் கையிலும் முழங்கைக்கு மேலே பார்க்க மாட்டாள்.

"முகத்தப் பார்த்தா அடுத்து வயித்தப் பார்க்கத் தோணும். வயித்தப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். அதான் கையோட நிறுத்திக்குவேன்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் அவளுடைய நாத்தனார். அதிகம் பேசாதவள் என்பதால் இப்படிப்பட்ட விஷயங்கள் என்னிடம் வந்து சேரும்.

கல்யாணமாகி எட்டு வருடத்தில் அவள் மூன்று முறை கருத்தரித்தாள். முதல் இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. மூன்றாவது ஏழாம் மாதம் வரை வந்தது. ஒரு நாள் மதியம், யாருடைய கையிலோ ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, காலையிலிருந்து குழந்தை அசையவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. அந்த ஆளுக்கு ரத்தம் எடுத்து, பஞ்சு வைத்து, கையை மடக்கச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து மாடிக்கு ஸ்கேன் எடுக்கப் போனாள். பையன். நாங்கள் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள்.

என் அம்மா கெட்டவள் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது. "ஊரார் ரத்தத்துல கை வச்சுக்கிட்டே இருந்தா வயித்துல எப்படித் தங்கும்" என்று சமையலறையில் பாத்திரத்திடம் சொல்வதுபோல ஒரு நாள் சொன்னாள். பஸ் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரிய அண்ணன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனான். மாடிப்படியில் நின்றிருந்த அண்ணியும் கேட்டுவிட்டாள். அதன் பிறகு ஆறு மாதம் அவள் அந்தச் சமையலறைக்குள் கால் வைக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு லேடி டாக்டர் வந்தார். அண்ணி தன் பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். டாக்டர் எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பி வைத்துப் படித்தார்.

"மூணு தடவையும் ஏன் போச்சுன்னு யாராவது சொன்னாங்களா?"

"அதிர்ஷ்டம் இல்லன்னு சொன்னாங்க."

"அதுக்கு டெஸ்ட் கிடையாது. டெஸ்ட் இருக்கறதப் பார்ப்போம்."

நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார். தினம் எத்தனையோ பேருக்கு அண்ணி நிரப்பும் அதே நீல மூடிக் குழாய். இந்த முறை கண்ணாடிக்காரர் குத்தினார். இரண்டு குத்து ஆயிற்று. "உன் கையில குத்தறது கொல்லன் தெருவுல ஊசி விக்கற மாதிரி" என்று அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

முடிவு வந்தபோது அண்ணிக்குக் குழப்பம். அவள் ரத்தம் குழாயில் உறைய அதிக நேரம் எடுத்திருந்தது. "அப்ப என் ரத்தம் நீர்த்துப் போயில்ல இருக்கணும்?" என்று கேட்டாள்.

"குழாய்லதான் அப்படிக் காட்டும். உடம்புக்குள்ள நேர் எதிர்" என்றார் டாக்டர். வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்க வேண்டிய காவல்காரன் வீட்டுக்காரனையே திருடன் என்று நினைத்து அடிப்பதுபோல, அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அவள் ரத்தத்தின் மேலேயே பாய்கிறது. அதனால் ரத்தம் தேவையில்லாத இடத்தில் உறைகிறது. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடிக்குள் பொடிப் பொடியாக உறைந்து குழந்தைக்குப் போகும் வழியை அடைத்துவிடுகிறது என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். வியாதிக்கு மூச்சு முட்டும் அளவுக்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் அதை யாரும் முழுதாகச் சொன்னதில்லை. ‘அந்த நீளப் பேரு’ என்போம்.

"ஒரு தடவை வந்தா போதாது. பன்னெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுக்கணும். அப்பவும் இருந்தாத்தான் உறுதி. அதுக்கப்புறம் நீங்க உண்டானா முதல் நாள்லேருந்து மருந்து உண்டு. ரத்தம் உறையாம இருக்கத் தினம் ஒரு சின்ன ஆஸ்பிரின். தினம் வயித்துல ஒரு ஹெப்பரின் ஊசி. முக்கால்வாசிப் பேருக்குக் குழந்தை நல்லபடியாப் பொறக்குது."

அந்தப் பன்னிரண்டு வாரத்தை அண்ணி காலண்டரில் கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது வாரத்துக் கோடு போட்ட அன்று சின்ன அண்ணி அவள் குடியிருக்கும் மாடிக்கு ஏறி வந்தாள். என் சின்ன அண்ணனைக் கட்டிக்கொண்டு அவள் எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஃபோன் கடையில் வேலை. நாள் முழுவதும் கண்ணாடித் தாளை ஃபோன்மேல் ஒட்டி, உள்ளே மாட்டிய குமிழிகளை அட்டையால் தள்ளித் தள்ளி வெளியேற்றுவாள். வாயும் அந்த அட்டை மாதிரி ஓயாது. எங்கள் வீட்டில் பெரிய அண்ணியை ‘அக்கா, அக்கா’ என்று சுற்றி வந்த முதல் ஆள் அவள்தான்.

"அக்கா, உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். எனக்கு நாள் தள்ளிப் போச்சு. குச்சியில பார்த்தேன், ரெண்டு கோடு. நாங்க ஒண்ணும் நினைக்கவே இல்ல அக்கா, அதுவா வந்துடுச்சு!"

பெரிய அண்ணி அவளைக் கட்டிக்கொண்டாள், உட்கார வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள். அவள் இறங்கிப் போனதும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் நின்றாள்.

"கர்ப்பமானது கூட இல்லடி. ‘அதுவா வந்துடுச்சு’ன்னாளே, அதுதான் என்னை அறுத்துடுச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அதிலிருந்து அவள் பொறாமை ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். முன்பு அது புதன்கிழமையோடு முடிந்துவிடும். இப்போது கீழ்த்தளத்தில் ஒரே கூரைக்குள் தினமும் இருந்தது. சின்னவள் காலையில் வாந்தி எடுக்கும் சத்தம் மாடிக்குக் கேட்கும்; அந்த வாந்தி மேல் பொறாமை. மதியத்தில் வாயைத் திறந்தபடி சோபாவில் தூங்குவதன் மேல் பொறாமை. இரும்புச் சத்து மாத்திரையை இரண்டு நாள் மறந்துவிட்டு, "ஐயோ, மறந்துட்டேன்" என்று சிரிப்பாளே, அந்த மறதியின் மேல்தான் எல்லாவற்றையும்விட அதிகப் பொறாமை. அண்ணி தன் மூன்று கர்ப்பத்திலும் ஒரு மாத்திரையைக்கூட அரைமணி தாமதித்ததில்லை.

"மறந்தாலும் நிக்குது பார் அவளுக்கு" என்பாள்.

இரண்டாவது பரிசோதனையிலும் அதே முடிவு. வியாதி உறுதியானதற்கு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. நான்கு மாதத்தில் அண்ணி கருத்தரித்தாள். அப்போது சின்னவளுக்கு ஐந்தாம் மாதம் முடிந்திருந்தது.

ஊசிகள் அட்டைப்பெட்டியில் வந்தன. மருந்து ஏற்கனவே நிரப்பிய, விரல் நீளமுள்ள கண்ணாடி ஊசிகள். பெரிய அண்ணன் பெட்டியைத் திறந்ததுமே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவனுக்கு ஊசி என்றால் தலை சுற்றும். "நீ வேணாம்பா, போய் வண்டிய ஓட்டு" என்று அண்ணி சிரித்தாள். காலை ஏழு மணிக்குக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஊசியை நிமிர்த்தி விரலால் இரண்டு தட்டு தட்டி, மேலே வந்த காற்றுக் குமிழியைக் கட்டைவிரலால் தள்ளி வெளியேற்றி, நுனியில் சொட்டு துளிர்த்ததும், வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துக் குத்திக்கொள்வாள். கண் இமைக்க மாட்டாள். வயிறு முழுக்க நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது. அதை எனக்குக் காட்டும்போது அவள் முகத்தில் ஒரு கர்வம் தெரிந்தது. பிள்ளை பெறும் விஷயத்தில் இந்த வீட்டில் அவளைவிட நன்றாகத் தெரிந்த ஒருத்தி கீழே இருந்தாள். ஊசி விஷயத்தில் யாரும் இல்லை.

நீளப் பேரைப் பற்றி அண்ணன் சொல்லிப் புரியவைத்த பிறகு அம்மா அடியோடு மாறிப்போனாள். பாத்திரத்திடம் பேசியதற்குப் பரிகாரமோ என்னவோ, மாடியிலேயே காவல் கிடந்தாள். "குனியாதே", "தூக்காதே", "ஊசி போட்டியா", "வலிச்சுதா". அண்ணன் டிரிப்புக்கு நடுவே ஃபோன் செய்து ஊசி போட்டாயிற்றா என்று கேட்பான். சின்ன அண்ணன்கூட ஆரஞ்சு வாங்கினால் முதல் பையை மாடிக்கு அனுப்புவான்.

அந்த ஆரஞ்சைத் தட்டில் வைத்துக்கொண்டு ஒரு நாள் காலை சின்ன அண்ணி மாடி ஏறினாள். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். பெரிய அண்ணி ஊசி போட உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள்ளிருந்து விழுந்த, நான்காக எட்டாக மடித்த தாள் ஒன்று தரையில் கிடந்தது. சின்னவள் அதைப் பிரித்தாள். எந்தத் தாளைக் கண்டாலும் படிக்காமல் விட மாட்டாள். அன்று எனக்கு விடுமுறை. ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, காத்த வெளிய தள்ளிட்டீங்க."

"ஆமா."

"தள்ளக் கூடாதுன்னு போட்டிருக்கே. படம்கூட இருக்கு பாருங்க. குமிழி மேல பெருசா ஒரு பெருக்கல் குறி."

"ஊசின்னா காத்த எடுத்துட்டுத்தான் போடணும். படிக்கப் போன முதல் வாரமே சொல்லித் தருவாங்க."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். குமிழியத் தள்ளறதுதானே என் பொழப்பே! அதான் தள்ளாதேன்னு ஒரு இடத்துல பார்த்ததும் கண்ணுல பட்டுச்சு."

"ஃபோனுக்கு ஒட்டறதும் வயித்துல குத்தறதும் ஒண்ணா?"

"ஒண்ணுன்னு யார் சொன்னா? இதுல என்ன போட்டிருக்குன்னா..."

"பதினஞ்சு வருஷம் ஊசி பிடிச்ச கை இது. எனக்கு நீ பாடம் எடுக்காத. உனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. எதுவுமே செய்யாம பெத்துக்கறது."

நான் மடித்துக்கொண்டிருந்த சட்டை கையிலேயே நின்றுவிட்டது. சின்ன அண்ணி தட்டை மேஜைமேல் வைத்தாள். அவள் குரல் தாழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எதுவுமே செய்யலையா நானு? எனக்கும் எட்டு மாசம்னு இந்த வீட்டுல யாருக்காவது ஞாபகம் இருக்கா அக்கா? உங்களுக்குப் பழம் எடுத்துக்கிட்டு மாடி ஏறறது யாரு? என் கால் எப்படி வீங்கியிருக்குன்னு பாருங்க. ஒருத்தர் கேக்கல. நீங்க ஒரு ஊசி போட்டா வீடே வலிச்சுதான்னு கேக்குது. எனக்கும் ஒரு ஊசி இருந்திருக்கலாமேன்னு எத்தனை நாள் நினைச்சிருக்கேன் தெரியுமா?"

"எடுத்துக்கோயேன். ஊசியையும் எடுத்துக்கோ. போன மூணையும் சேர்த்து எடுத்துக்கோ."

சின்னவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

பெரிய அண்ணி அவள் விட்டுப்போன தாளை எடுத்து, படிக்காமல், அதே மடிப்பில் மடித்துப் பெட்டிக்குள் திணித்தாள். "ஒரு தடவை பார்த்துடுங்களேன் அண்ணி" என்றேன். "போய்த் துணிய மடி" என்றாள். ஏன் படிக்கவில்லை என்று வெகுநாள் கழித்து அவளே சொன்னாள். "அவ சொன்னது சரியா இருந்துட்டா? எல்லாந்தான் அவளுக்கு வருது. இதுவும் அவளுக்கே வந்துட்டா எனக்குன்னு என்ன இருக்கு?"

இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆறு வாரம் கழித்துச் சின்ன அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. காலையில் வலி எடுத்து மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது. மூன்று கிலோ இருநூறு கிராம். பெரிய அண்ணி போய்ப் பார்த்தாள். மரியாதைக்கு எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் குழந்தையை மடியில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "நல்ல எடை" என்றாள். அவ்வளவுதான்.

அவளுக்கு ஆறு மாதம் முடிந்து ஏழு தொடங்கியது. அந்த மாதம் வந்ததும் வீட்டில் எல்லோரும் மெதுவாக நடந்தோம். ஸ்கேன் அறையிலிருந்து டாக்டரிடம் போனபோது நானும் கூட இருந்தேன்.

"குழந்தை நல்லா இருக்கு. ஆனா வயசுக்குச் சின்னதா இருக்கு. கொடியில ரத்த ஓட்டம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்றார் டாக்டர். அண்ணியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. "ஊசி ஒழுங்காப் போகுதா?"

"ஒரு நாள்கூட விடல டாக்டர். நானேதான் போட்டுக்கறேன்."

டாக்டர் இழுப்பறையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து நீட்டினார். "எப்படிப் போடுவீங்கன்னு காட்டுங்க."

அண்ணி ஊசியை நிமிர்த்தினாள். இரண்டு தட்டு. கட்டைவிரல் தள்ளியது. நுனியில் சொட்டு துளிர்த்து மேஜைமேல் விழுந்தது, பின்னாலேயே இன்னொன்று.

"அதை ஏன் தள்ளினீங்க?"

"காத்து டாக்டர்..."

"இந்த ஊசியில காத்த அப்படியே விட்டுடணும். அதுதான் கடைசி மருந்தை உள்ள தள்ளிவிடும். இது நரம்புல போகாது, தோலுக்கு அடியிலதான் போகுது. இத்தனூண்டு காத்து ஒண்ணும் பண்ணாது." அவர் மேஜையைப் பார்த்தார். "தினமும் இப்படித்தானா?"

"அஞ்சு மாசமா." அண்ணி ஊசியைக் கீழே வைத்தாள். "அதனாலதான் சின்னதா இருக்கா?"

"தெரியாதும்மா. முழு மருந்து போட்டும் இந்த வியாதியில சில குழந்தைங்க சின்னதாத்தான் வளரும். ரெண்டு சொட்டாலதான்னு சொல்ல மாட்டேன். இல்லவே இல்லைன்னும் சொல்ல மாட்டேன். இனிமே முழுசாப் போகணும். உங்க எடைக்குத் தக்கபடி அளவையும் கூட்டறேன். வாரத்துக்கு ரெண்டு ஸ்கேன்." பிறகு கொஞ்சம் தணிந்து, "ஊசி தெரிஞ்சவங்கதான் இந்தத் தப்பப் பண்ணுவாங்க. தெரியாதவங்க தாளைப் படிச்சுட்டுப் போடுவாங்க. உங்களுக்கு யாருமே சொல்லலையா?"

"சொன்னாங்க."

"யாரு?"

"என் ஓரகத்தி. ஃபோன் கடையில வேலை பார்க்கறா."

அண்ணி மறுநாள் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தாள். தள்ளக் கூடாது, தள்ளக் கூடாது என்று சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தாள். பதினைந்து வருடத்துக் கட்டைவிரல் அவளைக் கேட்காமலே அழுத்திவிட்டது. முழங்கால்மேல் சொட்டு விழுந்ததும்தான் அவளுக்குத் தெரிந்தது. அதற்கடுத்த நாள் அவள் அன்றைக்குப் போட வேண்டிய ஊசியை ஒரு கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அண்ணன் அதற்கு ஆக மாட்டான். நான் காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவேன்; அன்று உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்ததால் இதைப் பார்க்க முடிந்தது.

சின்ன அண்ணி குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"இத நீ போட்டுவிடு" என்றாள் பெரியவள்.

"நானா? எனக்கு ஊசியப் பார்த்தாலே மயக்கம் வரும்."

"அதான் வேணும். உன் கைக்கு ஒண்ணும் தெரியாது. தாள்ல போட்டிருக்கறத மட்டும் செய்யும்."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப அன்னிக்கு நான் சொன்னது..."

"சரிதான்."

"என்னது? குழந்தை அழற சத்தத்துல கேக்கல."

"குழந்தை தூங்குது" என்றாள் அம்மா.

"சரிதான்னேன்டி! நீ சொன்னதுதான் சரி. போதுமா? ஊர் முழுக்கத் தண்டோரா போடட்டுமா?"

"வேணாம். வயித்தக் காட்டுங்க."

தாளை எதிரில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்து, கையை மூன்று தடவை கழுவினாள் சின்னவள். ஊசியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"அடிப்பாவி, கண்ணத் திறந்து போடு!"

"திறந்தா விழுந்துடுவேன் அக்கா."

"விழுந்தா ஊசி போட்டுட்டு விழு."

போட்டாள். குமிழி அப்படியே மருந்தின் பின்னால் போயிற்று. தேய்க்கக் கூடாது என்ற கடைசி வரியையும் படித்துவிட்டு, முகம் வெளிறி, அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

இப்படிப் பத்து வாரம் போயிற்று. இதனால் இருவரும் உருகிப்போய்விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரியவள் சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும்போது, பக்கத்தில் மூன்று மடிப்புத் தொடையோடு கிடக்கும் குழந்தையைத்தான் பார்ப்பாள். சின்னவளின் ரவிக்கையில் பால் கசிந்திருப்பதைப் பார்ப்பாள். "மெதுவாடி, ஃபோன் இல்ல இது" என்பாள். "ஃபோன் இவ்வளவு பேசாது" என்பாள் சின்னவள். சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும் அண்ணி என்னிடம், "அந்தக் குழந்தைக்கு இன்னும் எடை கூடியிருக்கு. கை பாரு, ரொட்டி மாதிரி" என்று சொல்வாள். தன் வயிற்றில் அசைவு பத்து எண்ணி முடித்த பிறகுதான் பேச்சு வேறு பக்கம் போகும்.

முப்பத்துநான்காவது வாரம் கொடியில் ரத்த ஓட்டம் மேலும் குறைந்தது. இனி வெளியே இருப்பதுதான் குழந்தைக்கு நல்லது என்றார் டாக்டர். ஊசியை நிறுத்திவிட்டு மறுநாள் அறுவை செய்தார்கள். பையன். அழுதான். பூனைக்குட்டி மாதிரி மெலிந்த சத்தம்தான், ஆனால் வெளியே நின்ற எங்கள் காதுக்குக் கேட்டது. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு கிலோ அறுநூற்று எண்பது கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய் போட்டார்கள்.

இரண்டு நாளாகியும் அண்ணிக்குப் பால் இறங்கவில்லை. குழந்தைப் பிரிவு நர்ஸ் வந்தாள். "குறை மாசக் குழந்தை, குடல் ரொம்பப் பிஞ்சு. பவுடர் பாலைவிடத் தாய்ப்பால்தான் தாங்கும். உங்களுக்கு வர்ற வரைக்கும் வேற யாரோடதாவது கிடைச்சா நல்லது. வீட்டுல பால் குடுக்கறவங்க யாராவது இருக்காங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"யாரும் இல்ல. நானே எடுக்கறேன்" என்றாள் அண்ணி.

அன்று பகல் முழுக்கப் பம்பை வைத்து முயன்றாள். தையல் வலியில் முகம் சுருங்கும்; விட மாட்டாள். சாயங்காலம் புட்டியின் அடியில் மஞ்சளாக ஒரு ஈரம் மட்டும் இருந்தது. அண்ணன் டீ வாங்கப் போனதும் அவள் என்னிடம் சொன்னாள்:

"ஊசியும் அவ கையால. இப்ப பாலும் அவ மாரால. அப்ப இவனுக்கு நான் யாருடி? பத்து மாசத்துக்குக் கொஞ்சம் கம்மியா இடம் குடுத்தவ, அவ்வளவுதானா?"

அந்த நேரம் நர்ஸ் மறுபடி வந்து, குழந்தையின் எடை நேற்றைவிட நாற்பது கிராம் குறைந்திருப்பதாகவும், முதல் சில நாளில் குறைவது வழக்கம்தான், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அண்ணி பம்பைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அவளுக்கு ஃபோன் போடு" என்றாள். "நான் கூப்பிட்டேன்னு சொல்லு. உங்கண்ணன் கூப்பிட்டான்னு சொல்லாத."

சின்ன அண்ணி அரைமணியில் வந்தாள், கைக்குழந்தையோடு. ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளுடைய பிரசவ காலத்து ரத்தப் பரிசோதனை முடிவுகளை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். திரும்பி வரும்போது அவள் கையில் பாதி நிரம்பிய புட்டி இருந்தது. அண்ணியைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கண்ணாடிப் பெட்டிக்கருகே தள்ளிக்கொண்டு போனேன். குழாய் வழியாகப் பால் வெள்ளைக் கோடாக இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு எடுக்க?" என்று கேட்டாள்.

"பத்து நிமிஷம் இருக்கும் அக்கா."

"பெருமையப் பாரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாளைக்கும் வா. வெயிலுக்கு முன்னாடி வந்துடு."

நான்காம் நாள் விடியற்காலையில் அண்ணிக்குப் பால் இறங்கியது. பன்னிரண்டு மில்லி. மூன்று தடவை அளவுக் கோட்டைப் பார்த்துவிட்டு, அந்தப் புட்டியை யாரிடமும் கொடுக்காமல் தானே மடியில் பிடித்துக்கொண்டு சக்கர நாற்காலியில் வந்தாள். குழந்தைப் பிரிவில் சின்ன அண்ணி ஏற்கனவே வந்து, தன் புட்டியை நர்ஸின் மேஜையில் வைத்திருந்தாள். அது கழுத்துவரை நிறைந்திருந்தது. அண்ணி தன் புட்டியை அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் பார்த்தாள். உடனே தன்னுடையதைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"ரெண்டும் இருக்கே, ரொம்ப நல்லது. எதுன்னாலும் ஒண்ணுதான்" என்று நர்ஸ் கையை நீட்டினாள்.

"ஒண்ணு இல்ல" என்றாள் அண்ணி. "என்னோடத முதல்ல குடுங்க. அவன் நல்ல பசியில இருக்கும்போதே குடுங்க. பத்தலன்னா அவளோடதக் குடுங்க."

சின்ன அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பத்தாது அக்கா, எங்க வீட்டுப் பையன்" என்றாள்.

"உங்க வீடா? என் பையன்டி."

நர்ஸ் பன்னிரண்டு மில்லி இருந்த புட்டியை எடுத்து மூடியைத் திறந்தாள்.